இறைச்சிக் கோழியின் வளர்ச்சியும் நெஞ்சுத்தசைக் குறைபாடுகளும்

க.பொ.த. (உயர்தரம்) – விவசாய விஞ்ஞானம்
விலங்கு உற்பத்தி: மேலதிக வாசிப்பும் பயிற்சியும்

மாணவர்களே,

புரொயிலர் கோழி பற்றி வினா வந்தால் உங்களிற் பலர் கொட்டில் அமைப்பு, ஆழ்கூள முறை, தடுப்பூசி அட்டவணை என்பவற்றை மனனம் செய்து எழுதிவிடுகிறீர்கள். அவை தேவையானவையே. ஆனால் "ஏன்?" என்று கேட்கும் வினாக்களுக்கு மனனம் கைகொடுப்பதில்லை. இவ்வளவு வேகமாக இக்கோழி வளர்வது ஏன்? அவ்வேகத்திற்கு அதன் உடல் கொடுக்கும் விலை என்ன? தேர்வு இனவிருத்தி, தசை இழையம், சுவாசம், போசணை, முகாமைத்துவம் எனத் தனித்தனியாகப் படித்த பகுதிகளை ஒன்றுசேர்த்து விடையளிக்க இப்பாடம் உங்களைப் பழக்கும்.

இப்பாடத்தைக் கற்ற பின்னர் நீங்கள்,

• இறைச்சிக் கோழியின் வளர்ச்சி வேகம் கூடியமைக்கான காரணத்தைத் தரவுகளுடன் விளக்குவீர்கள்.
• நெஞ்சுத்தசையின் வளர்ச்சிக்கும் குருதி விநியோகத்திற்கும் உள்ள தொடர்பை விவரிப்பீர்கள்.
• பிரதான நெஞ்சுத்தசைக் குறைபாடுகள் நான்கையும் இனங்கண்டு ஒப்பிடுவீர்கள்.
• அவற்றைத் தொற்றுநோயிலிருந்தும் போசணைக் குறைபாட்டிலிருந்தும் வேறுபடுத்துவீர்கள்.
• குறைப்பதற்கான வழிகளையும் அவற்றாற் பண்ணையாளருக்கு ஏற்படும் செலவையும் மதிப்பிடுவீர்கள்.

1. வளர்ச்சி வேகம் கூடிய வரலாறு

இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் உலகின் பெரும்பாலான நாடுகளில் கோழி வளர்க்கப்பட்டது முட்டைக்காகவே. முட்டையிட்டு ஓய்ந்த பேடுகளும் மேலதிகமான சேவல்களும் இறைச்சிக்குச் சென்றன. இறைச்சிக்கென்றே ஒரு கோழியை உருவாக்கும் முயற்சி ஐக்கிய அமெரிக்காவில் 1940களில் வலுப்பெற்றது. "நாளைய கோழி" என்னும் பெயரில் அங்கு நடத்தப்பட்ட போட்டியின் இறுதிச் சுற்று 1948 இல் டெலவெயர் மாநிலத்தில் இடம்பெற்றது. அகன்ற நெஞ்சும் விரைவான வளர்ச்சியும் உள்ள கோழியே அங்கு தேடப்பட்டது. கலிபோர்ணியாவைச் சேர்ந்த சார்ள்ஸ் வன்ரெஸ் என்பவர் கோர்னிஷ், நியூ ஹம்ப்சயர் ஆகிய இனங்களைக் கலந்து உருவாக்கிய கோழிகள் அப்போட்டியில் வெற்றி பெற்றன. அதன் பின்னர் கோர்னிஷ் வழியும் வெண்ணிறப் பிளிமத் றொக் வழியும் கலந்த வர்க்கங்களே உலகெங்கும் பரவின. இலங்கையின் வர்த்தகப் பண்ணைகளில் வளரும் புரொயிலர்களும் வெளிநாட்டு இனவிருத்திக் கம்பனிகள் உருவாக்கிய இத்தகைய வர்க்கங்களே.

தேர்வு இனவிருத்தியின் விளைவை அளந்து காட்டிய ஓர் ஆய்வைக் கனடாவின் அல்பேட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014 இல் வெளியிட்டனர். 1957 ஆம், 1978 ஆம் ஆண்டுகளின் வர்க்கங்கள் அதன்பின் தேர்வுக்கு உட்படுத்தப்படாமல் அங்கு பேணப்பட்டு வந்தன. அவற்றையும் 2005 ஆம் ஆண்டின் ரொஸ் 308 வர்க்கத்தையும் ஒரே காலத்தில், ஒரே வகைத் தீன் கொடுத்து வளர்த்தனர். சராசரி உயிர்நிறைகள் வருமாறு:

அட்டவணை 1: மூன்று வர்க்கங்களின் சராசரி உயிர்நிறை (கிராம்)

வயது | 1957 வர்க்கம் | 1978 வர்க்கம் | 2005 வர்க்கம்
பொரித்த நாள் | 34 | 42 | 44
28 நாள் | 316 | 632 | 1396
56 நாள் | 905 | 1808 | 4202

இவ்வட்டவணையை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுச் செல்லாது கணித்துப் பாருங்கள். 56 நாள் வயதில் 2005 வர்க்கத்தின் நிறை 1957 வர்க்கத்தின் நிறையைப் போல் ஏறத்தாழ 4.6 மடங்காகும். நாளொன்றுக்கான சராசரி நிறை அதிகரிப்பு:

1957 வர்க்கம்: (905 – 34) ÷ 56 = 15.6 கிராம்
1978 வர்க்கம்: (1808 – 42) ÷ 56 = 31.5 கிராம்
2005 வர்க்கம்: (4202 – 44) ÷ 56 = 74.3 கிராம்

உடல் முழுவதும் ஒரே விகிதத்தில் வளரவில்லை என்பதும் முக்கியமானது. உயிர்நிறையில் பெரிய நெஞ்சுத்தசையின் பங்கு, 42 நாள் வயதில், 1957 வர்க்கத்துடன் ஒப்பிடுகையில் 2005 வர்க்கச் சேவல்களில் 79 சதவீதமும் பேடுகளில் 85 சதவீதமும் கூடியிருந்தது. கோழி பெருத்தது மட்டுமன்று. அதன் உடலில் நெஞ்சுக்குரிய பங்கும் பெருத்தது. அதேவேளை ஒரு கிலோகிராம் நிறை அதிகரிப்பதற்குத் தேவையான தீனின் அளவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

நினைவிற் கொள்க: தீன் மாற்று விகிதம் = உட்கொண்ட தீனின் நிறை ÷ உயிர்நிறை அதிகரிப்பு. இப்பெறுமானம் குறைவாக இருப்பதே சிறந்தது. "விகிதம் கூடினால் வினைத்திறன் கூடும்" என எழுதுவது பரீட்சையிற் பொதுவாகக் காணப்படும் தவறாகும்.

"புரொயிலர் ஊசி போட்டு வளர்த்த கோழி, அதற்கு ஓமோன் கொடுக்கிறார்கள்" என்று வீட்டிலும் சந்தையிலும் கேட்டிருப்பீர்கள். மேற்படி பரிசோதனையில் மூன்று வர்க்கங்களுக்கும் கிடைத்தது ஒரே தீன். ஓமோன் எதற்கும் வழங்கப்படவில்லை. அவ்வாறாயின் நிறை வேறுபாட்டிற்குக் காரணம் பரம்பரையே என்பது தெளிவு. தரவிலிருந்து முடிவுக்கு வருவது இப்படித்தான்: மாறாது வைத்த காரணிகள் எவை, மாறிய காரணி எது என்பதை முதலிற் பிரித்தறிய வேண்டும். பண்ணையில் போடப்படும் ஊசியும் குடிநீரில் கலக்கப்படும் மருந்தும் பெரும்பாலும் இராணிக்கற், கம்பறோ போன்ற நோய்களுக்கு எதிரான தடுப்பு மருந்துகளே என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

2. நெஞ்சுத்தசை வளரும் விதம்

பறவையின் மார்பென்பின் இரு பக்கங்களிலும் இரண்டிரண்டு தசைகள் உள்ளன. மேலே தோலுக்கு அடுத்ததாக இருப்பது பெரிய நெஞ்சுத்தசை. அது இறக்கையைக் கீழே இழுக்கும். அதன் கீழே, மார்பென்பை ஒட்டி இருப்பது சிறிய நெஞ்சுத்தசை. அது இறக்கையை மேலே உயர்த்தும். பறக்காத புரொயிலரிலும் இவ்விரு தசைகளும் பறத்தலுக்கான அமைப்பிலேயே உள்ளன.

கோழியின் கால் தசை கருஞ்சிவப்பாகவும் நெஞ்சுத்தசை வெளிறியும் இருப்பதைக் கறிக்கு வெட்டும்போது கண்டிருப்பீர்கள். கால் தசையில் மயோகுளோபினும் இழைமணிகளும் கூடுதலாக உள்ளன. அது ஒட்சிசனைப் பயன்படுத்தி நீண்ட நேரம் தொழிற்படும். நெஞ்சுத்தசையில் பெரும்பாலும் விரைவாகச் சுருங்கும் வெண்ணிற நார்களே உள்ளன. அவை கிளைக்கோசனைக் காற்றின்றிய சுவாசத்தில் உடைத்துச் சக்தி பெறுவதில் தங்கியுள்ளன. இதன்போது இலற்றிக்கமிலம் உண்டாகிறது. இவ்விலற்றிக்கமிலத்தைக் குருதியே அகற்ற வேண்டும்.

தசை நார்களின் எண்ணிக்கை முட்டைக்குள் முளையம் வளரும் காலத்திலேயே ஏறத்தாழ நிர்ணயிக்கப்பட்டு விடுகிறது. குஞ்சு பொரித்த பின்னர் புதிய நார்கள் குறிப்பிடத்தக்க அளவில் உண்டாவதில்லை. இருக்கும் நார்களே நீண்டு தடிக்கின்றன. நாரின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் துணைக் கலங்கள் பிரிவடைந்து நாருடன் இணைவதால் நாருக்குப் புதிய கருக்கள் கிடைக்கின்றன. சேதமடைந்த நாரைப் புதுப்பிப்பதும் இத்துணைக் கலங்களே. இக்கலங்களின் தொழிற்பாடு பொரித்த பின்னரான முதல் வாரத்தில் மிக அதிகமாகும்.

3. குருதி போதாமை – குறைபாட்டின் அடிப்படை

ஒரு நார் தடிக்கும்போது அதன் மையத்துக்கும் அருகிலுள்ள மயிர்க்குழாய்க்கும் இடைப்பட்ட தூரம் கூடுகிறது. ஒட்சிசன் பரவல் மூலமே மயிர்க்குழாயிலிருந்து நாருக்குள் செல்வதால் தூரம் கூடக்கூட விநியோகம் குறைகிறது. நார்கள் தடித்து ஒன்றையொன்று நெருக்கும்போது, அவற்றுக்கிடையே மயிர்க்குழாய்களைத் தாங்கும் தொடுப்பிழையத்துக்கான இடமும் சுருங்குகிறது. புரொயிலரில் தசை வளரும் வேகத்துக்கு ஈடாகக் குருதிக்குழாய்கள் வளரவில்லை.

இதன் விளைவுகளைப் படிமுறையாக எழுதப் பழகுங்கள்.

(1) நாருக்கு ஒட்சிசன் விநியோகம் குறைகிறது.
(2) இலற்றிக்கமிலமும் ஏனைய கழிவுகளும் உரிய வேகத்தில் அகற்றப்படுவதில்லை.
(3) ஒட்சியேற்றத் தகைப்பு ஏற்பட்டுக் கலமென்சவ்வுகளும் இழைமணிகளும் சேதமடைகின்றன.
(4) தசை நார்கள் இறக்கின்றன. தின்குழியங்கள் அவ்விடத்துக்கு வந்து இறந்த பகுதிகளை அகற்றுகின்றன.
(5) துணைக் கலங்கள் நார்களைப் புதுப்பிக்க முயல்கின்றன. சேதம் தொடர்வதால் அவற்றால் ஈடுகொடுக்க இயலவில்லை.
(6) இறந்த நார்களின் இடத்தைக் கொழுப்பிழையமும் கொலாசன் நிறைந்த தொடுப்பிழையமும் பிடிக்கின்றன.

கடினநெஞ்சு என்னும் குறைபாட்டில், சிறிய நாளங்களைச் சுற்றி அழற்சி ஏற்படுவதும் ஆரம்ப மாற்றங்களில் ஒன்றாகக் காணப்பட்டுள்ளது. ஆகவே காரணம் ஒன்றே என முடித்துவிட வேண்டாம். "விரைவான தசை வளர்ச்சியோடு தொடர்புபட்ட, பல காரணிகளால் ஏற்படும் குறைபாடு" என்றெழுதுவதே பொருத்தமானது.

4. பிரதான குறைபாடுகள்

4.1 ஆழ்தசை இறப்பு (பச்சைத்தசை)

இது சிறிய நெஞ்சுத்தசையைப் பாதிப்பது. 1968 இல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்து வான்கோழிகளில் விவரிக்கப்பட்டதால் "ஒரிகன் நோய்" என்றும் பெயர் பெற்றது. பின்னர் புரொயிலரிலும் காணப்பட்டது.

சிறிய நெஞ்சுத்தசை ஒரு பக்கம் மார்பென்பாலும் மறுபக்கம் விரிந்துகொடுக்காத உறையாலும் மூடப்பட்டுள்ளது. கோழி மிரண்டு இறக்கைகளைப் பலமாக அடிக்கும்போது தசைக்குள் குருதி பாய்ந்து அது வீங்குகிறது. வீங்குவதற்கு இடமில்லாமையால் உள்ளே அமுக்கம் கூடிக் குருதிக்குழாய்கள் நெரிபடுகின்றன. குருதி கிடைக்காத தசை இறக்கிறது. இறந்த தசை முதலில் சிவந்து, பின்னர் மயோகுளோபின் முதலியவை உடைவதால் நாட்செல்லப் பச்சை நிறமடைகிறது. வெளியில் எவ்வறிகுறியும் தெரியாது. நெஞ்சை வெட்டித் திறக்கும்போதே தெரியவரும்.

4.2 வெண்கோடு

பெரிய நெஞ்சுத்தசையின் மேற்பரப்பில் நார்களின் திசைக்குச் சமாந்தரமாக வெண்ணிறக் கோடுகள் தோன்றும். கழுத்துப் பக்கமாக, இறக்கை பொருந்தும் இடத்திற்கு அருகே இவை தடிப்பாக இருக்கும். அக்கோடுகள் கொழுப்பிழையமும் தொடுப்பிழையமும் ஆகும். 2009 ஆம் ஆண்டளவிலிருந்து அமெரிக்க ஆய்வாளர்கள் இதனை விரிவாக விவரித்தனர்.

4.3 கடினநெஞ்சு

பெரிய நெஞ்சுத்தசை வெளிறி, புடைத்து, கையால் அழுத்தினால் மரப்பலகை போல விறைப்பாக இருக்கும். மேற்பரப்பில் பசைத்தன்மையான திரவமும் சிறு குருதிக் கசிவுகளும் காணப்படலாம். பின்லாந்தின் எல்சிங்கி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014 இல் இதன் இழைய மாற்றங்களை விவரித்தனர். நார்கள் இறத்தல், புதுப்பித்தல், தொடுப்பிழையம் பெருகுதல் ஆகிய மூன்றும் ஒரே தசையில் ஒருங்கே காணப்பட்டன. நுணுக்குக்காட்டியில் இம்மாற்றங்கள் இரண்டு வார வயதளவிலேயே தெரியத் தொடங்கலாம். கையால் தடவி அறியக்கூடிய விறைப்பு அதன் பின்னரே தோன்றும். கடுமையாகப் பாதிக்கப்பட்ட கோழி இறக்கைகளை முதுகுக்கு மேலே உயர்த்தச் சிரமப்படும்.

4.4 நூல்தசை

பெரிய நெஞ்சுத்தசையின் நார்க்கட்டுகள் ஒன்றைவிட்டொன்று பிரிந்து, நூல்நூலாகத் தொங்கும். நார்க்கட்டுகளைப் பிணைக்கும் தொடுப்பிழையம் பலவீனமாவதே காரணம். கடினநெஞ்சில் தொடுப்பிழையம் மிகுவதையும் இதில் பலவீனமடைவதையும் ஒப்பிட்டு மனதிற் பதியுங்கள்.

அட்டவணை 2: நான்கு குறைபாடுகளின் ஒப்பீடு

குறைபாடு | பாதிக்கப்படும் தசை | தோற்றம் | பிரதான மாற்றம்
ஆழ்தசை இறப்பு | சிறிய நெஞ்சுத்தசை | சிவப்பு, பின் பச்சை | குருதி தடைப்பட்டுத் தசை இறத்தல்
வெண்கோடு | பெரிய நெஞ்சுத்தசை | சமாந்தர வெண்கோடுகள் | கொழுப்பும் தொடுப்பிழையமும் படிதல்
கடினநெஞ்சு | பெரிய நெஞ்சுத்தசை | வெளிறல், புடைப்பு, விறைப்பு | நார்கள் இறத்தல், தொடுப்பிழையம் பெருகுதல்
நூல்தசை | பெரிய நெஞ்சுத்தசை | நூலாகப் பிரிதல் | நார்க்கட்டுகளின் பிணைப்புத் தளர்தல்

கவனிக்க: ஒரே நெஞ்சில் வெண்கோடும் கடினநெஞ்சும் சேர்ந்து காணப்படுவது சாதாரணம். பொதுவாக நிறை கூடிய கோழிகளிலும், கடினநெஞ்சைப் பொறுத்தவரை சேவல்களிலும், பாதிப்பு அதிகம்.

5. வேறு நோய்களிலிருந்து பிரித்தறிதல்

விற்றமின் ஈ, செலனியம் ஆகியவற்றின் குறைபாட்டாலும் நெஞ்சுத்தசையில் வெண்ணிறப் பட்டைகள் தோன்றலாம். இது போசணைத் தசைச்சிதைவு எனப்படும். தீனில் விற்றமின் ஈ, செலனியம் ஆகியன சேர்க்கப்பட்டால் இது தடுக்கப்படும். வெண்கோடு அவ்வாறானதன்று. போதிய விற்றமின் ஈ பெறும் கோழிகளிலும் அது தோன்றுகிறது. விற்றமினை மேலும் கூட்டுவதால் மறைவதில்லை.

அடுத்து, இந்நான்கும் தொற்றுநோய்கள் அல்ல. ஒரு கோழியிலிருந்து மற்றொன்றுக்குப் பரவுவதில்லை. எனவே நுண்ணுயிர்கொல்லி மருந்து இவற்றுக்குத் தீர்வாகாது. காரணம் தெரியாமல் மருந்து கொடுக்கும் பண்ணையாளர் பணத்தை இழப்பதோடு, மருந்துக்கு எதிர்ப்புத்தன்மை கொண்ட பற்றீரியாக்கள் பெருகவும் இடமளிக்கிறார். அது அவருடைய பண்ணையோடு நின்றுவிடும் கேடன்று.

6. இறைச்சியின் தரத்தில் ஏற்படும் விளைவு

இக்குறைபாடுகளுள்ள இறைச்சியை உண்பதால் மனிதருக்கு நோய் உண்டாவதாக அறியப்படவில்லை. பாதிக்கப்படுவது தரமே. வெண்கோடும் கடினநெஞ்சும் உள்ள இறைச்சியில்,

• கொழுப்பும் கொலாசனும் கூடுகின்றன; புரத வீதம் குறைகிறது.
• நீரைப் பிடித்துவைக்கும் ஆற்றல் குறைகிறது. சமைக்கும்போது கூடுதலான நீர் வெளியேறுகிறது.
• உப்பும் மசாலாவும் சேர்ந்த நீரை உறிஞ்சும் அளவு குறைகிறது.
• கடினநெஞ்சில் கடிக்கும்போது விறைப்புத் தெரிகிறது.

கடுமையாகப் பாதிக்கப்பட்ட நெஞ்சு முழுத்துண்டாக விற்கப்படாமல் அரைத்த இறைச்சி, சொசேஜஸ் போன்றவற்றுக்கு ஒதுக்கப்படும். பச்சைத்தசையில் பாதிக்கப்பட்ட பகுதி வெட்டி அகற்றப்படும்.

7. குறைப்பதற்கான வழிகள்

(1) முதல் வாரப் பராமரிப்பு: பொரித்த குஞ்சுக்குத் தாமதமின்றித் தீனும் நீரும் உரிய வெப்பமும் கிடைக்க வேண்டும். துணைக் கலங்கள் சுறுசுறுப்பாகத் தொழிற்படும் இக்காலத்தில் பட்டினி கிடந்தால் தசையின் பிற்கால அமைப்பு பாதிக்கப்படும். "தீனைக் குறைத்தல்" என்னும் விடை எல்லா வயதுக்கும் பொருந்தாது என்பதைக் கவனியுங்கள்.

(2) இடைக்கால வளர்ச்சியை மட்டுப்படுத்தல்: முதல் வாரத்தின் பின் தீனின் அளவையோ அதன் செறிவையோ சிறிது குறைத்தால் குறைபாட்டின் கடுமையும் குறையலாம். லைசின் என்னும் அமினோவமிலத்தின் மட்டத்தைக் கூட்டிய பரிசோதனைகளில் நெஞ்சுத்தசையின் நிறையும் கடினநெஞ்சும் ஒருங்கே கூடின.

(3) குறைந்த நிறையில் அறுவடை செய்தல்: வயதும் நிறையும் கூடக்கூடப் பாதிப்பும் கூடுவதால் இது பயனுள்ளது.

(4) மிரளாமற் கையாளல்: சடுதியான சத்தம், கொட்டிலுக்குள் அந்நியர் நுழைதல், இறக்கையில் பிடித்துத் தூக்குதல் ஆகியவற்றைத் தவிர்த்தல் வேண்டும். ஆழ்தசை இறப்பைக் குறைக்க இதுவே முதன்மையான வழி.

(5) காற்றோட்டமும் வெப்பக் கட்டுப்பாடும்: வெப்பத் தகைப்பு தசைக் கலங்களில் ஒட்சியேற்றத் தகைப்பைக் கூட்டும். எம்மைப் போன்ற வெப்ப வலய நாடுகளில் கூரையின் உயரமும் அடர்த்தியும் இதனால் மேலும் முக்கியம் பெறுகின்றன.

(6) இனவிருத்தி: 2015 இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கடினநெஞ்சின் வேறுபாட்டில் பரம்பரையின் நேரடிப் பங்கு 10 சதவீதத்துக்கும் குறைவெனவும், வெண்கோட்டில் அது அதனிலும் கூடியதெனவும் கணிக்கப்பட்டது. ஆகவே வெண்கோட்டைத் தேர்வு மூலம் குறைப்பது ஒப்பீட்டளவில் எளிது. கடினநெஞ்சுக்கு முகாமைத்துவமும் சேர வேண்டும். மெதுவாக வளரும் வர்க்கங்களில் இவை குறைவாகவே காணப்படுகின்றன.

இங்கு ஒரு முரண் இருப்பதாக உங்களுக்குத் தோன்றலாம். விரைவான வளர்ச்சிக்குக் காரணம் பரம்பரை என்றோம். கடினநெஞ்சில் பரம்பரையின் பங்கு குறைவு என்கிறோம். இது முரணன்று. முதலாவது 1957 வர்க்கத்துக்கும் 2005 வர்க்கத்துக்கும் இடையிலான வேறுபாடு. இரண்டாவது, ஏற்கனவே விரைவாக வளரும் ஒரே வர்க்கத்தினுள், ஒரு கோழிக்கும் இன்னொரு கோழிக்கும் இடையிலான வேறுபாடு. முழு வர்க்கமும் ஆபத்தின் விளிம்பில் நிற்கும்போது எது விழும், எது தப்பும் என்பதைச் சூழலும் தீர்மானிக்கிறது.

8. செலவு யாருடையது?

பின்வரும் கணிப்பைச் செய்து பாருங்கள். விலைகள் கணிப்புக்காக மட்டும் கொள்ளப்பட்டவை.

ஒரு பண்ணையாளர் 1000 கோழிகளை வளர்க்கிறார். ஒவ்வொன்றும் 2 கிலோகிராம் நிறை அதிகரிப்பைப் பெறுகிறது. தீன் மாற்று விகிதம் 1.7. வளர்ச்சியை மட்டுப்படுத்தினால் அது 1.8 ஆகும் எனக் கொள்க. ஒரு கிலோகிராம் தீனின் விலை 200 ரூபா.

சாதாரண முறையில் தீன்: 1000 × 2 × 1.7 = 3400 கி.கி.
மட்டுப்படுத்திய முறையில் தீன்: 1000 × 2 × 1.8 = 3600 கி.கி.
மேலதிகத் தீன்: 200 கி.கி. மேலதிகச் செலவு: 200 × 200 = 40,000 ரூபா

இனி, இக்கோழிகளிலிருந்து மொத்தம் 400 கி.கி. நெஞ்சிறைச்சி கிடைப்பதாகவும், அதில் 20 சதவீதம் குறைபாட்டினால் தரமிறக்கப்படுவதாகவும், தரமிறக்கப்பட்ட ஒவ்வொரு கிலோகிராமுக்கும் 300 ரூபா நட்டம் ஏற்படுவதாகவும் கொள்க.

தரமிறக்கப்படும் இறைச்சி: 400 × 20 ÷ 100 = 80 கி.கி.
நட்டம்: 80 × 300 = 24,000 ரூபா

குறைபாடு முற்றாக நீங்கினாலும் சேமிப்பு 24,000 ரூபா. செலவோ 40,000 ரூபா. இன்னொன்றையும் கவனியுங்கள். பண்ணையாளர் உயிர்நிறைக்கே பணம் பெறுகிறார். நெஞ்சை வெட்டிப் பார்ப்பவர் பதனிடுபவர். எனவே நட்டம் பதனிடுபவருக்கு, அதைத் தவிர்க்கும் செலவு பண்ணையாளருக்கு. உயிர்நிறைக்கு மட்டும் விலை கொடுக்கும் வரை, மெதுவாக வளர்க்கும்படி பண்ணையாளரிடம் கேட்பது நியாயமாகாது. நெஞ்சின் தரத்துக்கும் விலை கொடுக்கும் முறை இருந்தாலே அவர் மாற முடியும்.

இக்கணக்கில் எந்த நிரலிலும் சேராத ஒருவர் உண்டு. அது கோழி. இறக்கையை உயர்த்த இயலாத நிலை அதற்கு ஏற்படுவது எங்கள் தேர்வினாலேயே. மலிவான புரதம் எமது நாட்டில் வறிய குடும்பங்களுக்கும் எட்டியது இவ்வினவிருத்தியாலேயே என்பதும் உண்மை. இரண்டையும் ஒரே விடையில் நிறுத்தி எழுதக் கற்றுக்கொள்ளுங்கள்.

பொழிப்பு

• புரொயிலரின் வளர்ச்சி வேகத்துக்கு முதன்மைக் காரணம் தேர்வு இனவிருத்தி, ஓமோன் அன்று.
• பொரித்த பின் தசை வளர்வது நார்கள் தடிப்பதால். எண்ணிக்கை கூடுவதால் அன்று.
• தசை வளர்ச்சிக்கு ஈடாகக் குருதி விநியோகம் கூடாமையே நெஞ்சுத்தசைக் குறைபாடுகளின் பிரதான அடிப்படை.
• இவை தொற்றுவதில்லை, நுண்ணுயிர்கொல்லியால் மாறுவதில்லை.
• ஓர் இயல்பை மட்டும் நோக்கிய தேர்வு வேறோர் இயல்பைப் பாதிக்கலாம்.

பயிற்சி வினாக்கள்

1. அட்டவணை 1 ஐப் பயன்படுத்தி 28 ஆம் நாளிலிருந்து 56 ஆம் நாள் வரை 1957, 2005 வர்க்கங்களின் நாளொன்றுக்கான சராசரி நிறை அதிகரிப்பைக் கணிக்குக.

2. அல்பேட்டா பரிசோதனையில் மூன்று வர்க்கங்களுக்கும் ஒரே தீன் வழங்கப்பட்டதன் நோக்கம் யாது?

3. தசை நார் தடிக்கும்போது அதன் ஒட்சிசன் விநியோகம் குறைவதற்கான இரு காரணங்களைத் தருக.

4. சிறிய நெஞ்சுத்தசை மாத்திரம் ஆழ்தசை இறப்புக்கு உள்ளாவது ஏன் என்பதை அதன் அமைவிடத்தைக் கொண்டு விளக்குக.

5. ஒரு பண்ணையாளர் தமது கோழிகளின் நெஞ்சில் வெண்ணிறக் கோடுகளைக் கண்டு நுண்ணுயிர்கொல்லி வாங்கச் செல்கிறார். அவருக்கு நீங்கள் வழங்கும் ஆலோசனையைக் காரணத்துடன் எழுதுக.

6. "இறைச்சிக் கோழியின் வேகமான வளர்ச்சி ஒரு வெற்றியே." இக்கூற்றை ஆராய்க.

விடைக் குறிப்புகள்

1. 1957: (905 – 316) ÷ 28 = 21.0 கிராம். 2005: (4202 – 1396) ÷ 28 = 100.2 கிராம்.

2. போசணையை மாறாது வைத்து, நிறை வேறுபாடு பரம்பரையால் ஏற்பட்டதெனக் காட்டுதல்.

3. பரவல் தூரம் கூடுதல். நார்களுக்கிடையே மயிர்க்குழாய்களுக்கான இடம் குறைதல்.

4. ஒரு பக்கம் மார்பென்பு, மறுபக்கம் விரியாத உறை. இறக்கை அடிக்கும்போது வீங்க இடமின்றி அமுக்கம் கூடிக் குருதி தடைப்படும். பெரிய நெஞ்சுத்தசை தோலுக்கு அடுத்திருப்பதால் அதற்கு விரிய இடமுண்டு.

5. மருந்து வேண்டாம், இது தொற்றன்று. முதலில் தீனின் விற்றமின் ஈ, செலனியம் என்பவற்றின் அளவைப் பார்த்துப் போசணைக் குறைபாட்டை நீக்கிக்கொள்ளுதல். அதன் பின்னர் வளர்ச்சி வேகம், அறுவடை நிறை ஆகியவற்றை ஆராய்தல். ஐயமிருப்பின் கால்நடை வைத்தியரை நாடுதல்.

6. ஒரு பக்கத்தை மட்டும் எழுதினால் பாதிப் புள்ளிகளே கிடைக்கும். சாதகம்: குறைந்த தீனில், குறுகிய காலத்தில், மலிவான புரதம். பாதகம்: தசைக் குறைபாடு, தரக் குறைவு, விலங்கின் நலன். இறுதியில் உங்கள் முடிவையும் அதற்கான ஒரு காரணத்தையும் தெளிவாக எழுதுங்கள். முடிவு எதுவாயினும் காரணம் தரவிலிருந்து வர வேண்டும்.

விடைகளைப் பார்ப்பதற்கு முன் வினாக்களை ஒருமுறை நீங்களாகவே எழுதிப் பாருங்கள். மூன்றாம் பகுதியின் ஆறு படிகளையும் புத்தகத்தை மூடிவைத்து வரிசைப்படுத்த முடிந்தால், இப்பகுதியில் எவ்வாறு வினா வந்தாலும் உங்களால் விடையளிக்க முடியும்.